பின் இருக்கை இல்லாத விமானம்

மூடுபனிக்குள்ளிருந்து ஓர் என்ஜின் இருமிக்கொண்டே வந்தது.

நான் தேநீரைக் கீழே வைக்கவில்லை. சத்தமே போதும். ஒற்றை என்ஜின், ஐம்பது வயதுக் கிழம், எவனோ யார் தலையிலோ கட்டியதை வேறு யாரோ ஓட்டி வருவது. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் எங்கள் ஓடுபாதை முடிகிற இடத்தில் அட்லாண்டிக் தொடங்குகிறது. இந்தக் குப்பைகளைக் கூலிக்கு அக்கரை சேர்க்கும் மகாவீரர்களுக்கு நான் தொட்டி பொருத்திக் கொடுக்கிறேன். இருபத்தாறு வருடமாக.

வேலை எளிது. பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே ஓர் அலுமினியத் தொட்டி. பத்து மணி நேரக் கடலுக்கு இறக்கைத் தொட்டிகள் பற்றாது. முந்நூறு லிட்டர் பெட்ரோல் முதுகில் முட்ட உட்கார்ந்து ஓட்டுவதற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைத்திருக்கும் பெயரை இங்கே அச்சில் போட மாட்டார்கள்.

இறங்கியவள் இனேஸ் பெட்டன்கூர். நடு அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுக்காரி, நாற்பது இருக்கும். கடலில் விழுந்தால் உயிர் காக்கும் ஆரஞ்சு ரப்பர் உடையை இடுப்பு வரைக்கும் மட்டும் மாட்டிக்கொண்டு, கைப்பகுதிகளைத் தொங்கவிட்டிருந்தாள். எல்லாரும் இப்படித்தான். வேர்க்கிறதாம். விழும்போது மீதியை மாட்டிக்கொள்வார்களாம், தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் கை மடக்க இடம் இல்லாத இடத்தில்.

வாசல் பலகையில் அம்புரோஸ் என்ற என் பெயரைப் படித்துவிட்டு, இரண்டே நாளில் வேண்டும் என்றாள். சரி என்றேன். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய ஒன்று இருந்தது. இந்த ரக என்ஜின் குடித்தது போக மிச்சப் பெட்ரோல் இடது இறக்கைக்குத் திரும்பும். இறக்கை நிறைந்திருந்தால் வழிந்து கடலுக்குப் போகும். அதனால் முதல் ஒன்றரை மணி நேரம் இறக்கைத் தொட்டியில் ஓட்டி இடம் உண்டாக்கிய பிறகுதான் உள்தொட்டிக் குழாயைத் திறக்கும் பிடியைத் திருப்ப வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இருக்காது. தொட்டி பொருத்தியவனிடம் விமானி கேட்டுத் தெரிந்துகொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். கேட்டால் சொல்வேன். கேட்காத கர்வத்துக்கு நான் பாடம் நடத்துவதில்லை.

போன அக்டோபரில் வோல்கர் ஹாங்கே கேட்கவில்லை. நாற்பது முறை கடல் தாண்டியவன், ஒரு மெக்கானிக்கிடம் கேட்பானா? இதே ரக விமானம். எட்டாவது மணி நேரத்தில், நடுக்கடலில், வானொலியில் ஹாங்கேயின் பேச்சு நின்றது. விசாரணைக்கு வந்தவர்களிடம், அவன் பிடியை எப்போது திருப்பினான் என்று யாருக்குத் தெரியும் என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு இந்த ரகத்தில் வந்தது இதுதான்.

மூன்றாம் நாள் காலை, தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும். இரண்டு விரல் உயரத்துக்குத் தங்கியிருந்தது. மோந்தேன். பெட்ரோலுக்கு அடியில் பாசி வாடை. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பீப்பாய் சரியில்லை என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே முழுவதையும் வடித்து, புதிதாக நிரப்பினேன். உள்ளே எட்டிப் பார்த்தபோது தொட்டியின் பிடி திறந்திருந்தது. மூடினேன். வாலைச் சுற்றி வந்து பார்த்தேன்.

திறந்திருந்தது.

பிடி ஈரமாக இருந்தது.

இனேஸிடம், தொட்டியை நோண்டாதே அம்மணி என்று எரிந்து விழுந்தேன்.

“நான் இன்னும் உள்ளயே ஏறலியே. நீங்கதான் திறந்து வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்” என்றாள். “திறந்தே இருக்கட்டும். அப்படியே போறேன்.”

கேள்வி இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஏறினாள், என்ஜின் பிடித்தது. கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஹாங்கே போன அன்றும் அங்கேதான் நின்றேன்.

விமானம் என்னைக் கடந்து ஊர்ந்தது. பக்கவாட்டு ஜன்னலில் தொட்டி தெரிந்தது. அதற்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அந்த ஒரு சாணுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மடங்கிக் கிடந்தது.

அவள் உடை அவள் இடுப்பில் இருந்தது.

மடங்கியிருந்தது மெல்ல நிமிர்ந்தது. கண்ணாடியின் உட்பக்கம் நீர் வழிந்தது. ஒரு ரப்பர்க் கை, காலியாகத் தொங்கியபடி, பிடியின் பக்கம் போய் அங்கேயே நின்றது.

காத்திருந்தது.

நான் ஓடினேன். இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பயம். வால் பக்கமாகப் போய்க் கதவைத் தட்டினேன். அவள் நிறுத்தி, ஒரு விரல் அளவு திறந்தாள்.

“பிடியை மூடு. ஒன்றரை மணி நேரம் இறக்கைப் பெட்ரோல்ல ஓட்டு. அப்புறம் திற. இப்பவே திறந்தா பாதி கடலுக்குப் போயிடும், அக்கரை சேர மாட்டே.”

அவள் முகம் வெளுத்தது. திரும்பிப் பிடியை மூடினாள்.

“இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?”

“நீ கேக்கலியே.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். தொட்டியும் கூரையும் மட்டும்தான். ரப்பர் வாடை மூக்கில் அறைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

பட்டறைக்குத் திரும்பி, ஆறிப்போன தேநீரை எடுத்தேன். அவள் மேலேறி மூடுபனியில் மறைந்தாள். பிடியை அவள் மூடியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். கணக்கு தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன்.

உப்பு.

அலமாரியில் இருந்த வானொலி கரகரத்தது. இனேஸின் குரல். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாக.

“அம்புரோஸ்... பின்னாடி உக்காந்திருக்கிறவர் கேக்கச் சொல்றார். அன்னிக்கும் பிடி திறந்திருந்ததை வாசல்ல நின்னு பார்த்தீங்களாமே. அவர்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?”