கட்டிலைச் சுற்றியது

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால், பலகைத் தளம் போட்ட பழைய மாடி வீட்டுக்கு ஷாஹிரா குடிவந்த அன்று மழை விடவே இல்லை. வீட்டுக்கார அம்மா ஹபீபா பீவி சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையைக் காட்டினார்.

“எங்க வீட்டுக்காரவுக படுத்திருக்காக. கிட்னி போயி உடம்பெல்லாம் வீங்கிடுச்சு. முனகுவாக, பயப்படாத லா.”

ஷாஹிராவின் பிழைப்பு வானத்தில். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். வயதாகி ஊதிச் சிவந்த விண்மீன்கள், தம்மை ஒட்டிச் சுற்றும் கோள்களை விழுங்கிவிடும். தப்பி மிஞ்சியவை உண்டா என்று தேடிக்கொண்டிருந்தாள். கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி துளியளவு மங்கும். தொலைநோக்கிப் பதிவுகளில் அந்த மங்கலைப் பிடிக்க வேண்டும். அன்று சாயங்காலமே ஒன்று சிக்கியது. கிழட்டு விண்மீனை உரசுகிற மாதிரி ஒரு கோள். சுற்றுக்குச் சுற்று இன்னும் நெருங்கியது. சந்தோஷத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் பலகைச் சுவர் கண்ணில் பட்டது.

இடுக்குகள் வழியே பக்கத்து அறை விளக்கின் வெளிச்சம் கோடு கோடாய் விழுந்திருந்தது. அது மங்கியது. தெளிந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி மங்கியது.

ஹபீபா மாமிதான் உள்ளே நடக்கிறார் என்று நினைத்தாள். ஆனால் கீழே அடுப்படியில் மாமி இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது.

பழகிய கண் தானாக ஒரு மங்கலுக்கும் அடுத்த மங்கலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தது.

குறைந்துகொண்டே வந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஈர மண் வாடை முகத்தில் அடித்தது. கட்டிலில் மாமியின் கணவர் அப்துல் ரசாக் மட்டும்தான். அவர் கண்கள் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு, மறுபடி கால்மாட்டுக்கு, எதையோ பின்தொடர்ந்து ஓடின.

“மாமா… யாரு மாமா?”

“ரொம்ப நாளா சுவரோரமாத்தான் சுத்துச்சு,” என்று கிசுகிசுத்தார். “இப்பக் கட்டில உரசுது.”

ஷாஹிரா கட்டிலோடு ஒட்டி நின்று அவர் கையை இறுகப் பிடித்தாள். அவள் முழங்காலுக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே, காற்றுகூடப் புக இடமில்லாத அந்த இடுக்கில், சில்லென்று ஏதோ நுழைந்து போனது.

“மாமி! மேல வாங்க!”

விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் முகத்தில் மட்டும் நிழல்.

நிழல் நகரவில்லை. அவள் பிடித்திருந்த அவர் கை தளர்ந்தது.

ஏறி வந்த ஹபீபா பீவி அறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீயும் பாத்துட்டியா, புள்ள?”

அடக்கம் முடிந்ததும் ஷாஹிரா புக்கிட் மெர்தாஜாமில் உள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தான் கண்டுபிடித்த கோளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பதிவுகளைத் திறக்கவே கை வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹபீபா பீவி போன் செய்தார்.

“இப்பத்தான் அவுகள அடக்கின கபுருக்குப் போயிட்டு வர்றேன். மழைக்குப் புல்லு நல்லா மண்டிக் கெடக்கு. கபுரச் சுத்தி மட்டும் வட்டமா ஒத்தையடிப் பாதையாட்டம் அமுங்கிக் கெடக்கு.”

“ஆடு ஏதாச்சும் புகுந்திருக்கும், மாமி.”



“இல்ல லா. நான் பாத்துக்கிட்டு நிக்கையிலேயே, நிமிந்து நின்ன புல்லு ஒண்ணொண்ணாப் படுத்துக்கிட்டே போச்சு.”