ஒரே பெயரில் இரண்டு

விடுமுறை நாள் பிற்பகலில், ஆளில்லாத அலுவலகத்தில், திரையில் அவள் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று ஒட்டியிருந்தது.

ஒட்டியது அவளேதான். மற்ற கணினி நிரல்கள் வந்து வேலை கேட்கும் பழைய இடைமுகத்தைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டிலும் ஒரே பெயரில் கட்டளை இருந்தால் மோதும். பெயரைப் புதியதற்குக் கொடுத்து, பழையதற்கு வால் ஒட்டி, நான்கு மணிக்குத் தானே அழியும்படி வைக்க வேண்டும். சோதனைக் கட்டளைக்குத் தன் பெயரையே வைக்கும் சோம்பேறித்தனம் அந்தத் தொழிலில் பாதிப்பேருக்கு உண்டு. அவள் இரண்டு பக்கமும் வைத்திருந்தாள்.

சிரித்துக்கொண்டே கிளம்பினாள். குளிர்சாதனத்தின் ஒரே சீரான முனகலும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், காலி நாற்காலிகளின் நீண்ட நிழல்களும் கண்ணாடிக் கதவு வரை அவளுடனேயே வந்தன. கதவு திறக்கும் அடையாள அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டுக் காட்டினாள். மறுபடி சிவப்பு.

மேசைக்கு ஓடிப்போய் மாற்றியதைத் திருப்பப் பார்த்தாள். கடவுச்சொல்லை ஏற்கவில்லை. இப்படி ஒருவர் இல்லை என்றது திரை. மணி மூன்று ஐம்பது.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். செக்யூரிட்டிக்குச் சொல்லுங்க, சீக்கிரம்."

"யாருங்க பேசறது?"

"விளையாடாதீங்க. நான்தான்."

"என் வொய்ஃப் இப்பதான் வந்தா. பாப்பாவுக்குத் தலை பின்னிக்கிட்டிருக்கா." அவன் குரல் தடுமாறியது. "நீங்க யாரு?"

பின்னால் யாரோ பேசினார்கள். அவள் குரல். அவளுடைய அதே இழுவை.

"பாப்பாகிட்ட குடுங்க. ஒரே ஒரு தடவை."

மூச்சுச் சத்தம் நெருங்கியது. மகள்தான்.

"கண்ணு, அம்மாடா. நான்தான் உன் அம்மா. அங்க இருக்கறது நானில்ல!"

தலைக்கு மேல் விளக்குகள், நடமாட்டம் இல்லையென்றால் தாமே அணைபவை, கடைசி வரிசையிலிருந்து அணையத் தொடங்கின. அவள் கையை ஆட்டினாள். அடுத்த வரிசை. இன்னும் ஆட்டினாள். அடுத்தது.

போனில் குழந்தை அழுதது. அவளிடம் அல்ல.

"அம்மா, பயமா இருக்கும்மா."

"பயப்படாதடா. அம்மா இங்கதானே இருக்கேன்." அந்தப் பக்கத்திலிருந்து, அதே இழுவை.

போனை வைத்தது குழந்தைதான். இருட்டில் அவள் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.