இல்லாத ஓடுதளத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

"குடையை அங்க வைக்காதீங்க!"

அவள் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். அவள் வேலை பார்க்கும் வரைபட அலுவலகத்தில் யாரும் குரல் உயர்த்துவதே கிடையாது. ஆனால் அந்த மனிதன், சொட்டச் சொட்ட நனைந்த குடையை, விரித்து வைத்திருந்த பழைய விமான வரைபடத்தின் மேலேயே சாய்க்கப் போனானே!

"மன்னிச்சிருங்க மேடம்... மேசைன்னு நினைச்சேன்."

"மேசைதான். அதுக்கு மேல இருக்கறது?"

"மேசை விரிப்புன்னு நினைச்சேன்..."

அவள் முறைத்தாள். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். இமையெல்லாம் மழை... திட்டு வாங்கியும் சிரித்துக்கொண்டிருந்த கண்கள். அவளுக்கு அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

"உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு மேடம். காதுகிட்ட லேசா வளைச்சா சரியாயிடும்."

"வரைபடம் பார்க்க வந்தீங்களா, என்னைப் பார்க்க வந்தீங்களா?"

"தொழில் புத்தி மேடம். கண்ணாடிக்கடை வச்சிருக்கேன்."

வாரத்தில் ஆறு நாள் ஊராருக்குக் கண்ணாடி மாட்டிவிடுவான். ஏழாவது நாள், காணாமல் போன சின்னச் சின்ன விமான நிலையங்களைத் தேடிப் போவான். பழைய வரைபடத்தில் நிலையத்தைக் குறிக்கும் வட்டம் புதியதில் இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இதுவரை பதினொன்று கண்டுபிடித்து, அதைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தான். ஒன்று இப்போது கார் ஓட்டப் பழகும் மைதானம். இன்னொன்றில் வெங்காயம் போட்டிருக்கிறார்கள்... வயலுக்கு நடுவே ஒரு நீளப் பட்டையில் மட்டும் பயிர் குட்டையாக நிற்குமாம். அடியில் பழைய ஓடுதளம் இருப்பதால் வேர் இறங்காதாம். இதைச் சொல்லும்போது அவன் கைகள் இரண்டும் மேசை மேல் விமானமாக இறங்கின.

"பன்னிரண்டாவதுதான் மேடம் என் உயிரை எடுக்குது. இதோ, பேர் எழுதாத இந்தக் குட்டி வட்டம். பதினோரு வருஷத்துக்கு முந்தின பதிப்புல மட்டும் இருக்கு. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல!"

அவன் விரல் நின்ற இடத்தை அவள் குனிந்து பார்த்தாள்.

அந்த வட்டத்தைப் போட்டவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நாற்பத்திரண்டு என்று இருந்த அட்சரேகை நிமிடத்தை இருபத்துநான்கு என்று படித்துத் தொலைத்தாள். இலக்கம் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்ததில், ஒரு தொழிற்சாலையின் சின்ன ஓடுதளம் முப்பத்து மூன்று கிலோமீட்டர் தள்ளி மேய்ச்சல் காட்டில் போய் இறங்கிவிட்டது. 'சரிபார்த்தது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர், அப்போதைய தலைமை வரைவாளர்... அவள் அப்பா. அச்சாகி வெளியே போன பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. திருத்த அறிவிப்பு கொடுக்காமல், அடுத்த பதிப்பில் சத்தம் போடாமல் வட்டத்தை நகர்த்திவிட்டார். நல்லவேளை, அதை நம்பி எந்த விமானமும் இறங்கப் போகவில்லை. இன்று அலுவலகத்தில் அவள் பெயர் 'பூதக்கண்ணாடி'. அடுத்தவர் தப்பை ஒரு மில்லிமீட்டர்கூட விடமாட்டாள் என்பதால்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம்.

"அடுத்த வாரம் வாங்க... வேற பதிப்பு எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமையும் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்தான். அவள் எடுத்துவைத்ததெல்லாம் அவனுக்கு உதவாத வரைபடங்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் ஒவ்வொன்றின் மேலும் குனிந்து தேடத் தேட, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் நல்ல உடையாகத் தேடி உடுத்தினாளே... அதை எங்கே போய்ச் சொல்ல!

மூன்றாவது வாரம் அவன் கேட்டான். "ஞாயித்துக்கிழமை அந்த இடத்துக்குப் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எத்தனை மணிக்கு?" என்று வந்தது.

அன்றைக்கும் மழை. ஒரே குடை. காடு முழுக்க நடந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "விமானமா? ஆமாமா, சின்னப் புள்ளையில பார்த்திருக்கேனே" என்று மழைக்கு ஒதுங்கிய உற்சாகத்தில் கதை அளந்துவிட்டார். புல்லுக்கு அடியில் ஒரு சிமெண்ட் தரையும் தட்டுப்பட்டது. ஏதோ பழைய கொட்டகைத் தரை. அவன் சேற்றில் மண்டியிட்டுப் படம் எடுத்தான்.

"கிடைச்சிருச்சு!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிடித்த கையை விட அவனுக்கும் மறந்துபோயிற்று, அவளுக்கும் நினைவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் கிடையாது. அவ்வளவு கூசிப்போன நாளும் கிடையாது.

"புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. பன்னிரண்டாவது அத்தியாயம் இதுதான். உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி போட்டிருக்கேன்."

நன்றியாம்... நன்றி! அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "முடிஞ்சுபோன கதைம்மா. இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என் கையெழுத்தை யாரும் விரல் நீட்டிக் கேள்வி கேட்டதில்ல."

"கேட்கலப்பா. ஆனா அந்த மனுஷன் அதை நம்பி சேத்துல மண்டி போட்டாரு."

அவர் கை கழுவ எழுந்து போனார். அவ்வளவுதான், அப்பாவின் கௌரவம் அப்பாவுக்கு என்று நினைத்தாள். உட்கார்ந்து மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினாள்... தப்பு என்னுடையது மட்டும் என்று. காலையில் கடிதத்தை எடுத்தபோது, அவள் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'சரிபார்க்காமல் கையெழுத்திட்டவன் நான். மறைத்தவனும் நான்.' கீழே அப்பாவின் கையெழுத்து, எப்போதும்போல் சாயாமல் நேராக.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேரே கண்ணாடிக்கடைக்குப் போனாள்.

அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "வாங்க வாங்க! உட்காருங்க. இன்னைக்கு உங்க கண்ணைப் பார்த்தே ஆகணும்" என்று பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான இரும்புச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினான். ஏதோ ஒரு வில்லையைச் செருகினான். உலகமே கலங்கலாயிற்று. எதிரே அவன் முகம் வெறும் வெள்ளைத் திட்டு. அதுதான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

"மேல் வரியைப் படிங்க."

"அந்த ஓடுதளம் அங்க இருந்ததே இல்ல."

"...என்ன?"

"நான் போட்ட தப்பு. நாற்பத்திரண்டை இருபத்துநாலுன்னு போட்டுட்டேன். அடுத்த பதிப்புல திருத்திட்டாங்க. அதான் உங்களுக்குக் காணாமப் போன மாதிரி தெரிஞ்சிருக்கு."

கையிலிருந்த வில்லையை அவன் மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"குடை வச்ச அன்னைக்கே."

"ஞாயித்துக்கிழமை என்கூட நடந்தீங்களே... அப்பவும்?"

"அப்பவும்."

அவன் விலகிப் போவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. தொலைபேசியை எடுத்தான். "அச்சகமா? பன்னிரண்டாவது அத்தியாயத்தை எடுத்துருங்க... ஆமா, முழுசா. இல்ல, தப்பான தகவல்... என் தப்புதான்" என்றான். அந்தக் கடைசி வார்த்தை அவளைக் குத்திக் கிழித்தது.

"உங்க தப்பு எங்க வந்தது இதுல?" என்றாள் அழுதுகொண்டே.

"அந்த சிமெண்ட் தரை நாலு விரல் கனம்கூட இல்ல. விமானம் தாங்குமா? கால் மில்லிமீட்டருக்கும் அளவு எடுக்கறவன் நான்... அன்னைக்கு அளக்கலையே. நீங்க பக்கத்துல நின்னீங்க. அளக்கத் தோணல. ஊர்ல நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. இருந்தும் அதைவிட... தெரிஞ்சுக்கிட்டே ஏங்க வந்தீங்க? என் பைத்தியக்காரத்தனத்தை வேடிக்கை பார்க்கவா?"

"ஐயோ, இல்ல!"

"பின்ன?"

அவளுக்கு மானமெல்லாம் கரைந்துவிட்டது. இனிமேல் மறைக்க என்ன மிச்சம்?

"சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்க. அதான் சொல்லல. மூணு வாரமா வெட்கங்கெட்டுப் பொய் சொன்னேன். நீங்க வரணும்னுதான்... அவ்வளவுதாங்க."

அவன் நெருங்கிவந்து, கலங்கலான வில்லையை உருவி வேறொன்றைச் செருகினான். இன்னொன்று. மெல்ல மெல்ல அவன் முகம் தெளிந்து, மிக அருகில் வந்து நின்றது. கண்கள் சிவந்திருந்தன.

"இப்ப தெளிவா தெரியுதா?"

"ம்..."

"என்ன தெரியுது?"

"கோபமா இருக்கீங்க."

"ஆமா. நிறையவே கோபம். சீக்கிரம் போகாது." அவள் மூக்கில் சட்டத்தை நேராக்கினான். "வேற?"

அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்துக்கு அடியில் இருந்ததைப் படிக்க எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை.

"எனக்குச் சொல்ல வாய் வரலைங்க... நீங்களே படிங்க."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு போட்டிருக்கு" என்றான் அவன். "இந்த வாட்டி சரிபார்த்துட்டேன்."