நாற்காலியில் கிடந்த நரைமுடி

“பூனைக்குட்டிங்க வாலை நான்தான் வெட்டினேன்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. சாயங்காலத்துக்குள்ள கடையைக் காலி பண்ணணுமாம்.”

முடிதிருத்துபவன் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். துப்பறிபவர் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார். அவருடைய தங்கைதான் துள்ளி எழுந்தாள்.

“வெட்டினீங்களா?”

“இல்லைங்க.”

“அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“அவங்க கேக்கல.”

“நல்லா இருக்கு! கிளம்புண்ணே.”

கடை சின்னது. கண்ணாடிக்கு எதிரே ஒரு சுழல் நாற்காலி. பின்ஜன்னலுக்குக் கீழே மெத்தை வைத்த இன்னொன்று. அவன் மனைவி உட்கார்ந்து வாடிக்கையாளர்களை வம்புக்கிழுத்த இடம். அவள் இறந்து ஆறு மாதம். அதில் அவன் யாரையும் உட்கார விட்டதில்லை. கடை போனால் அதை எங்கே போடுவது? காலையிலிருந்து அதற்கு மேல் அவனுக்கு யோசனை ஓடவில்லை.

துண்டுக் கூடையில் வீட்டுக்கார அம்மாவின் தூய வெள்ளைப் பூனை படுத்திருந்தது. நான்கு குட்டிகள். இரண்டுக்கு முழு வால். ஒன்றுக்கு மொட்டுப்போல் ஒரு துணுக்கு. ஒன்றுக்கு அதுவும் இல்லை.

“பக்கத்துலயே கத்தரி, பாத்துக்குங்க!” வீட்டுக்கார அம்மா மூச்சிரைத்தாள். “ராத்திரி உடைஞ்ச ஜன்னல் வழியா வந்து பெத்திருக்கா என் செல்லம். இவனுக்குக் கடையை ஒழுங்காக் கூட்டக்கூடத் துப்பில்ல. தினம் காலையில அந்த நாற்காலி பூரா நரைமுடி!”

“கத்தரியில ரத்தமே இல்லண்ணே,” என்றாள் தங்கை. “அப்போ சவரக்கத்தி!”

“நீ யார் பக்கம்மா?” என்றார் துப்பறிபவர்.

அவர் வாலில்லாத குட்டியைக் கையில் ஏந்தி, முதுகின் முடிவைத் தடவினார். பிறகு மெத்தையிலிருந்து ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுவரிலிருந்த படத்தின் முன் வெகுநேரம் நின்றார். படத்தில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் சாம்பல் நிறப் பூனை, பின்பக்கம் தூக்கலாக.

“யாரும் வெட்டலம்மா. காயமில்ல, தழும்பில்ல. சின்னக் குழி இருக்கு, மேல ரோமம் ஒழுங்கா மூடியிருக்கு. பொறக்கும்போதே இப்படி. மேங்ஸ்னு ஒரு தீவுப் பூனை இனம் உண்டு. அப்பா, அம்மா ரெண்டுல ஒண்ணுகிட்ட அந்தக் கூறு இருந்தா போதும், ஒரே ஈத்துல முழு வால், அரை வால், மொட்டை எல்லாம் வரும்.”

“என் செல்லத்துக்கு வால் இருக்கே! இந்தத் தெருவுல வாலில்லாத கடுவன் ஏது?”

துப்பறிபவர் படத்தைக் காட்டினார். “தம்பி, இது முயல் மாதிரி தத்தித் தத்தி ஓடுமா?”

“ஆமாங்க. ‘முயலு’ன்னுதான் கூப்பிடுவா. மழையில நனைஞ்சு வந்தப்பவே வால் இல்ல. கதவுல மாட்டி அறுந்துபோச்சுன்னு நெனச்சோம்.”

“அந்தத் தீவுலயும் அப்படித்தான் கதை சொல்வாங்க. பெருவெள்ளத்துல எல்லா உயிரையும் ஏத்தின கப்பலோட கதவைச் சாத்தும்போது மாட்டிக்கிச்சாம். ஆனா கதவுல போன வால் குட்டிக்கு வராது. இது பொறவி மொட்டை. இப்ப எங்க?”

“அவ போன அன்னைக்கு வீடெல்லாம் கூட்டம். ஓடிடுச்சு. செத்திருக்கும்.”

“பூனைக்கு வயித்துல ரெண்டு மாசம். நீங்க சொல்றது ஆறு மாசத்துக்கு முன்னாடி.”

“அப்போ அது உயிரோடதான் இருக்கு!” என்றாள் தங்கை.

“இன்னொண்ணு. கத்தரி பட்ட முடிக்கு நுனி மழுங்கியிருக்கும், உங்களுக்குத் தெரியாததா? இதைப் பாருங்க.”

அவன் வாங்கிப் பார்த்தான். ஊசிபோல் கூர்ந்து முடியும் சாம்பல் முடி. இரவு கடையைப் பூட்டி மாடிக்குப் போய்விடுவான். காலையில், யாரோ ஒரு பெரியவரின் நரை பறந்து வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, தினமும் அதைத் தட்டிப் பெருக்கித் தள்ளியிருக்கிறான்.

“தினமுமா வருது?” அவன் குரல் முதல்முறையாக உடைந்தது.

“தினமும். அவங்க இடத்துல வந்து தூங்கிட்டுப் போகுது.”

வீட்டுக்கார அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கடை கெடக்கட்டும்ப்பா, நீயே வெச்சுக்க. அந்த ஜன்னலுக்கு நாளைக்கே கண்ணாடி போடச் சொல்றேன்.”

“வேண்டாம்மா,” என்றான் அவன். அவ்வளவு அவசரமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

அவர்கள் போனபின் துடைப்பத்தை எடுத்தான். கடை முழுவதும் பெருக்கினான். நாற்காலியை மட்டும் தொடவில்லை.