நாற்பது நிமிடம்

கடலோரத்துப் பழைய வீட்டுக்குத் தையற்காரியும் அவள் மகளும் குடிவந்த மூன்றாம் நாள், ஞாயிறு மதியம், ஓய்வுபெற்ற கேப்டன் சாப்பிட வந்தார். வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். தையற்காரியின் கணவன் அவருடைய கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தவன்; கரைக்கு வந்தால் மகளுக்குக் கோணலாகத் தலை பின்னிவிடுவான். புயலில் அலை அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஆறு வருடத்துக்கு முன் வாசலில் நின்று சொன்னவரும் அவர்தான். அதன்பின் ஒரு ஞாயிறு தவறியதில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஒழுகும் குழாயைச் சரிசெய்தார். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று கடல்மேல் மூடுபனி. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சமையலறையை ஒட்டி, முன்பு மீன்பெட்டி அடுக்கிய ஓர் அறை. அதற்கு இரும்புக் கதவு, வெளியே கனத்த தாழ்ப்பாள். கேப்டன் முதல் வாய் எடுத்து வைத்தார்.

டக். டக். டக்.

“எலிக்கும் இன்னைக்கு விருந்து போல,” என்று தையற்காரி சிரித்தாள்.

மறுபடியும் தட்டல். நிதானமாக, முஷ்டியால். கூடவே டீசல் நாற்றம்.

“அம்மா, உள்ள யாரோ இருக்காங்க,” என்று மகள் கிசுகிசுத்தாள்.

தையற்காரி எழுந்தாள். கேப்டன் எச்சில் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

“திறக்காதம்மா. திறந்தா கப்பல் மூழ்கிடும்.”

“எந்தக் கப்பல்ண்ணே?”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கதவின் அடியில் கறுத்த தண்ணீர் கசிந்து வந்தது.

“அலை இல்லம்மா. இன்ஜின் ரூம்ல தண்ணி ஏறிடுச்சு. நான்தான் கதவ வெளிய பூட்டச் சொன்னேன். மேல இருபது பேரு...”

“அவர் உள்ள இருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

கதவுதான் பதில் சொன்னது.

டக். டக். டக்.

“எவ்வளவு நேரம் தட்டினாரு?”

“நாப்பது நிமிஷம்.”

அவள் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள். “இருபது பேருக்காகப் பண்ணீங்க, சரி. அன்னைக்கே சொல்லியிருந்தா அழுது தீர்த்திருப்பேன். ஆறு வருஷம் என் கையால சாப்பிட்டு, வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிட வெச்சீங்களே!”

இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இழுத்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. தரையில் காய்ந்த தூசி.

தட்டல் மட்டும் நிற்கவில்லை.

அது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கேப்டன் இடது மார்பை அழுத்திக்கொண்டு நின்றார். விரல்களுக்குக் கீழே சட்டை எம்பி எம்பி அடங்கியது.

“மாமா, உங்களுக்குள்ள இருந்து தட்டுறாங்க,” என்றாள் மகள்.

“நிறுத்தச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பான்,” என்று அவர் தையற்காரியிடம் கெஞ்சினார்.

“சொல்ல மாட்டேன். வெளிய போங்க!”

அவர் பனிக்குள் தடுமாறிப் போனார். ஆள் மறைந்த பிறகும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

அவள் அழவில்லை. பல்லைக் கடித்தபடி தரையிலேயே கிடந்தாள். வெளிச்சம் மங்கியபோதுதான் மகளின் நினைவு வந்தது. பிள்ளை வாசற்படியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை இறுக்கமாகப் பின்னியிருந்தது, சற்றே இடப்பக்கம் கோணலாக.

“யாருடி பின்னிவிட்டா?”

“என்னம்மா, இப்ப நீதானே பின்னிட்டுப் போன?”

அவள் பின்னலைத் தொட்டாள். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உள்ளங்கையில் கறுப்பு எண்ணெய் ஒட்டியது.