கிணற்றின் மேல் ஒரு கட்டில்

மார்ச் 8, 2025, சனி. இன்று செய்த தவறு: வட்டக் கூடாரத்தில் கட்டிலின் தலைமாட்டில் நின்ற இரும்புக் குழாயை யாரையும் கேட்காமல் அடைத்துவிட்டேன். சின்னத் தவறுதான். இருந்தாலும் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு வனிதா பேனாவை நிறுத்தினாள். அறந்தாங்கியில் அவள் போகும் மாலை நேர ஆங்கில வகுப்பில் கண்ணுசாமி சார் சொல்லிக்கொடுத்த முறை இது. அன்றைக்குச் செய்த தவறை முதலில் எழுத வேண்டும், மறுநாள் வேலையைக் கடைசியில் எழுத வேண்டும். தமிழில் எழுதிவிட்டு அப்புறம் இங்கிலீஷில். நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று சார் சொல்லியிருந்தார். வனிதாவுக்கு நடுவில் எழுத ஒன்றும் இருப்பதில்லை.

'சின்னத் தவறுதான்' என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தபடி அலுவலக அறையின் ஜன்னல் வழியே பார்த்தபோது, வட்டக் கூடாரத்தின் துணி உள்ளே போவதைக் கண்டாள்.

காற்று துளியும் இல்லை. கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து பொழுது சாய்ந்ததும் வரும் கடற்காற்று அன்று வரவே இல்லை; முந்திரித் தோப்பில் ஓர் இலைகூட அசையவில்லை; வாசலில் ஏற்றியிருந்த கொசுவர்த்தியின் புகை நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அந்த அசையாத சாயங்காலத்தில், கூடாரத்தின் தடித்த கேன்வாஸ் மட்டும் நாலா பக்கமும் ஒரே சீராக உள்ளே குழிந்தது. அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, உப்பி வெளியே வந்தது.

ஏசியாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த கணமே, கரண்ட் போய் நெடுநேரமாகிறது என்பது நினைவுக்கு வந்தது.

விதவிதமான இடங்களில் தங்க ஆசைப்படுகிறவர்களுக்காக அரவிந்த்குமார் கட்டிய விடுதி அது. துபாயில் இருந்துகொண்டே போனில் நடத்துகிறார்; இங்கே இருந்து பார்த்துக்கொள்வது வனிதா. கோட்டைப்பட்டினத்தில் ஓய்ந்துபோன நாட்டுப்படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதற்கடியில் ஓர் அறை. சக்கரம் கழற்றிய மினிபஸ்ஸுக்குள் ஓர் அறை. மூன்றாவதுதான் வட்டக் கூடாரம். தோட்டத்து நடுவில் பாழடைந்து கிடந்த பெரிய கிணற்றின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, கைப்பிடிச் சுவரை ஓரிடத்தில் இடித்து வாசல் வைத்து, அந்தச் சுவரையே அடித்தளமாக்கிக் கூடாரம் அடித்திருந்தார்கள். தளம் போட்ட கொத்தனார் உடையப்பன், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குழாயை மேலே கொண்டுவந்து விட்டிருந்தார். மூடிய கிணறு மூச்சுவிட வழி வேண்டும் என்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

தங்க வந்தவர்கள் கேட்டார்கள். இரவெல்லாம் குழாய் ஊ ஊ என்கிறது, பாசி நாற்றம் வருகிறது என்று போன வாரம் ஒருவர் இணையத்தில் எழுதி ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார். முதலாளி வனிதாவைத் திட்டவில்லை. 'பாத்துக்கம்மா' என்று மட்டும் சொன்னார். வனிதாவுக்கு அதற்கு மேல் தேவையில்லை. இன்று காலை ஒரு கொட்டாங்குச்சியில் வெள்ளை சிமெண்ட்டைக் குழைத்து, கிழித்த சாக்குத்துணியைக் குழாய்க்குள் திணித்து, மேலே பூசி வழித்துவிட்டாள். மதியம் தங்கை வைஷ்ணவி வந்தபோது குழாய்மேல் ஒரு பூந்தொட்டியும் உட்கார்ந்திருந்தது.

வைஷ்ணவி புதுக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு நாள் லீவில், விடுதியை ரீல்ஸ் எடுத்துப் போட்டுக் கூட்டம் சேர்த்துத் தருகிறேன் என்று வந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வனிதாவுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

"ஏன்க்கா, கெணத்து மேல கட்டிலப் போட்டு அதுக்கு வாடகையா? நம்ம கோழிக்கூட்டு மேல படுக்கச் சொன்னா இன்னும் நெறைய வருவாங்களே" என்றாள் வந்ததும்.

"கோழிக்கூட்டுல ஏசி இல்லடி."

"சரி. தப்பே செய்யாத நாள் ஒண்ணு வந்தா ஒன் டைரில என்ன எழுதுவே?"

"அப்படி ஒரு நாள் வராது."

"வந்தா சொல்லு. கேக் வெட்டுவோம்" என்றுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் எழுப்பு, அப்போதுதான் படம் அழகாக வரும் என்று வட்டக் கூடாரத்தில் போய்ப் படுத்தவள்தான்.

சமையல்கார அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். இன்றைக்கு வேறு விருந்தாளி இல்லை. நாளைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. படகு அறை வேண்டும் என்று அவர்களின் சின்னப் பெண் போனிலேயே அடம் பிடித்தது.

கூடாரம் மறுபடியும் உள்ளே குழிந்தது.

வனிதா டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தாள். தனக்குத்தான் கண் சரியில்லையோ என்று நடுவழியில் நின்று மினிபஸ்ஸின் திரையைப் பார்த்தாள், அது அசையவில்லை. கூடாரத்தை நெருங்க நெருங்க அந்த வாசனை வந்தது. வெயிலையே பார்க்காத செங்கல், ஊறிய பாசி, தவளைத் தோல், அடியில் கிடந்து மக்கிய இலை. குழாயை அடைத்த பிறகு வரக்கூடாத வாசனை. வாசல் ஜிப்பைப் பிடித்து இழுத்தபோது துணி அவள் கையோடு உள்ளே போனது. இழுத்த இழுப்பில் அவள் ஓர் அடி முன்னால் தள்ளாடினாள்.

உள்ளே இருட்டு புழுங்கியது. கொசுவலை கட்டிலின் மேல் ஒட்டிக்கிடந்து பிறகு தளர்ந்தது. வைஷ்ணவி மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். அதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் சொந்தத்தில் இல்லை. அந்தப் பழகிய முகத்தைப் பார்த்ததும் வனிதாவுக்குப் போன உயிர் வந்ததுபோல் இருந்தது.

பிறகு தங்கையின் நெஞ்சைப் பார்த்தாள்.

நெஞ்சு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷியின் நெஞ்சு இவ்வளவு ஏறாது என்ற இடத்தையும் தாண்டி ஏறியது; கூடாரத்தின் துணி நாலா பக்கமும் கட்டிலை நோக்கிக் குழிந்துகொண்டு வந்தது. நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. அவள் வாயிலிருந்து அந்தப் பாசி வாசனை ஈரமாக வந்து வனிதாவின் முகத்தில் பட்டது. துணி வெளியே உப்பியது.

"வைஷு. ஏய். எந்திரிடி."

கன்னத்தில் தட்டினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். தண்ணீர் திறந்த வாய்க்குள் போனது, இருமல் வரவில்லை. எங்கோ வெகு ஆழத்தில், தளத்துக்கு அடியில், அது சொட்டுவது கேட்டது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வாசலுக்கு இழுத்தாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி மண்ணில் கிடத்தியதும் வைஷ்ணவியின் நெஞ்சு நின்றுவிட்டது. உதடு கறுத்தது. வனிதா நெஞ்சை அழுத்தினாள், வாயில் ஊதினாள், சாமி பேர்களையெல்லாம் சொன்னாள். நின்றது நின்றதுதான். வேறு வழி தெரியாமல் திரும்ப உள்ளே இழுத்தாள். தளத்தின் மேல் முதுகு பட்டதும் நெஞ்சு ஏறியது.

இன்னொரு தடவை வெளியே இழுத்துப் பார்த்தாள். தன் கண்ணையே நம்பாதவள் அவள். அந்தத் தடவையும் அப்படித்தான் ஆனது. மூன்றாவதாக இழுத்துப் பார்க்கத் தெம்பில்லை.

108-க்கு அழைத்து வழி சொன்னாள். பிறகு உடையப்பனுக்கு. அவரும் அதே கல்யாணத்தில் இருந்தார். பாட்டுச் சத்தம் காதை அடைத்தது.

"இருத்தா, வெளிய வாரேன். ம், சொல்லு."

"அண்ணே, அந்தக் கொழாய அடைச்சுட்டேண்ணே."

"எந்தக் கொழாய? கெணத்துக் கொழாயவா? ஏத்தா, அத ஏன் அடைச்சே?"

"அடைச்சா என்னண்ணே ஆகும்?"

"எனக்கென்ன தெரியும்? எங்கப்பன் வச்சான், நானும் வச்சேன். வைக்காம விட்ட ஆளு எவனும் இல்ல, அதுனால என்ன ஆகும்னு பாத்தவனும் இல்ல. நீ மொதல்ல தெற. வேற ஒண்ணும் யோசிக்காத. போன வைக்காத, நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தோட்டத்துக் கடப்பாரையை எடுத்து வந்தாள். பூந்தொட்டி உருண்டது. சிமெண்ட் வெளியே காய்ந்து உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. உடைத்தாள், நகத்தால் சுரண்டினாள், விரலில் ரத்தம் வர வரச் சாக்குத்துணியைப் பிடித்து இழுத்தாள். முழுத் துணியும் வந்துவிட்டது. குழாயின் வாய் கறுப்பாகத் திறந்தது.

உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

காற்று வரவில்லை. போகவும் இல்லை.

காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. செத்த இரும்பு.

ஊ என்றது.

ஆழத்திலிருந்து, நீளமாக, போன வாரம் வரைக்கும் கேட்ட அதே சத்தம். ஆனால் குழாயிலிருந்து இல்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. கட்டிலிலிருந்து. வைஷ்ணவியின் தொண்டையிலிருந்து.

"அதான், தெறந்துட்டே" என்றார் உடையப்பன் போனில். "சத்தம் எனக்கே கேக்குதே. இனி ஒண்ணும் இல்லத்தா, சரியாப்போச்சு. பயப்படாமப் படு. இங்க பந்தியில எடம் போயிரும், வச்சிர்றேன்."

லைன் போனது.

ஊ.

வனிதாவால் அதைக் கேட்க முடியவில்லை. தங்கையின் தொண்டையிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க முடியாது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் வைஷ்ணவியின் வாயைப் பொத்தினாள்.

சத்தம் நின்றது. கூடாரம் நின்றது. தோப்பில் பூச்சிகூட நின்றுவிட்டது.

அப்போது வனிதாவின் நெஞ்சு இறங்கியது. அவள் இறக்கவில்லை. தானாக இறங்கியது. உள்ளே இருந்த காற்றெல்லாம் கயிறு கட்டி இழுத்ததுபோல் வாய் வழியே கீழே போனது. தளத்தை நோக்கி. தளத்துக்கு அடியில். இன்னும். இன்னும். விலா எலும்பு நொறுங்கும் என்று தோன்றியது. கண் இருட்டியது. குளிர்ந்த நீர், செங்கல், பாசி, நெஞ்சுக்குள் அத்தனையும்.

கைகளுக்கு அடியில் வைஷ்ணவி கண்ணைத் திறந்தாள். பொத்திய கை நழுவியது. அவள் சிறிதாக, சாதாரணமாக, தன் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தாள்.

"அக்கா" என்றாள். "என்னக்கா?"

முழித்துவிட்டாள். பிழைத்துவிட்டாள். எழுந்து வாசலைத் தாண்டி நடந்துபோக வேண்டியதுதான். 'ஓடுடி' என்று சொல்ல வேண்டும். சொல்ல மூச்சில்லை. வனிதாவின் கை தங்கையின் முகத்தில் ஊர்ந்தது. தாடையைத் தேடியது. கட்டைவிரலைக் கீழ்ப்பல் வரிசைக்கு உள்ளே விட்டது. இழுத்தது. வாய் திறக்கும்வரை, பலங்கொண்ட மட்டும்.

வனிதாவின் நெஞ்சுக்குள் காற்று திரும்பி வந்தது.

ஊ.

போன் அடித்தது. ஆம்புலன்ஸ் டிரைவர்.

"மேடம், மெயின் ரோட்ல இருக்கேன். தோப்புக்கு எங்கிட்டுத் திரும்பணும்?"

அவர்கள் வந்தால் தூக்கிக்கொண்டு போவார்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கொண்டுபோவார்கள். தாண்டினால் வைஷ்ணவியின் மூச்சு நின்றுவிடும். அவள் வாய் இல்லையென்றால், பக்கத்தில் மூச்சோடு இருக்கிற ஆளைக் கிணறு பிடித்துக்கொள்ளும்.

"வேண்டாங்க" என்றாள். குரல் திடமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "மயக்கம் தெளிஞ்சிருச்சு. நீங்க திரும்பிப் போங்க."

அலுவலக அறைக்கு ஓடிப்போய் டைரியை எடுத்து வந்தாள். ஜிப்பை உள்ளிருந்து மேலே வரைக்கும் இழுத்து மூடினாள். கட்டிலோரம் உட்கார்ந்து, இடது கைக் கட்டைவிரலைத் தங்கையின் பல் வரிசைக்குள் வைத்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சத்தில் துணியெல்லாம் மஞ்சளாக உள்ளே வந்தது, வெளியே போனது. வைஷ்ணவியின் கண் மூடவில்லை. அது அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்வையில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது. ஓரத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டு காதுக்குள் இறங்கியது.

இன்று செய்த தவறு என்ற வரிக்குக் கீழே இரண்டாவதாக ஒன்றை எழுதப் பேனாவை வைத்தாள். மை ஊறிப் பரவும்வரை வைத்திருந்தாள். எழுதவில்லை. தாளின் அடிப்பகுதிக்குப் போனாள்.

நாளை செய்ய வேண்டிய வேலை: மதுரைக் குடும்பம் பதினொரு மணிக்கு வருகிறது. படகு அறை ஒழுகுகிறது என்று சொல்லி, வட்டக் கூடாரத்தைக் கொடுக்க வேண்டும்.