மஞ்சள் படாத பாஸ்போர்ட்

காரமடை. 1994, சித்திரை மாதம். சென்னியப்பன் வீட்டுக் கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்தான்.

பாக்குமண்டி சென்னியப்பன். அவர் மனைவி பாப்பாயி. அவர்களுடைய ஒரே மகள் மோகனப்பிரியா. மஸ்கட்டில் பள்ளிக்கூட டீச்சர். அவள் கணவன் கிருபாசங்கர். அதே மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு நாள் லீவில் வந்திருந்தான்.

நான்கே பேர். ஐந்தாவதாக ஒருத்தி பிறகு வந்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கதவிடுக்கில் கேட்டேன் என்று சொல்லித் திரிபவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள்!

"என் பாஸ்போர்ட் எங்கீங்க?"

மோகனப்பிரியா கத்திய கத்தலில், ஓடாத மின்விசிறியில் உட்கார்ந்திருந்த குருவி பறந்தது.

கிருபாசங்கர் மோர் டம்ளரை நிதானமாக எடுத்தான்.

"கத்தாதே அம்மணி. மஸ்கட்ல, எம்பஸியில இருக்குது."

"விசாவைப் புதுப்பிச்சு ஆள் மூலமா அனுப்பறேன்னு தை மாசம் வாங்கிட்டுப் போனீங்க. இது சித்திரை! ஸ்கூல்ல என் இடத்துக்கு வேற டீச்சரைப் போடப் போறாங்களாமா... என் வேலையே போகுதுங்க!"

"என்னை ஏன் கேக்கறே? உங்கம்மாவைக் கேளு!"

பாப்பாயி திடுக்கிட்டாள்.

"நானென்னங்க மாப்பிள்ளை பண்ணுனேன்?"

"நான் கிளம்புன அன்னிக்குப் பாஸ்போர்ட்டைச் சாமி ரூம்ல வெச்சு, மஞ்சளைக் குழைச்சுப் பூசி விட்டீங்களே... போட்டோவும் பேரும் ஊறிப் போச்சுங்க அத்தை! சேதமான பாஸ்போர்ட்டுன்னு எம்பஸியில வாங்கி வெச்சுட்டாங்க. விசாரணை முடியோணும், புதுசு வரோணும், அதுக்கு விசாவை மாத்தோணும்... ஒரு வருசம் ஆகும். அதுவரைக்கும் இவ இங்கியே கெடக்கட்டும்."

பாப்பாயி மஞ்சள் பூசாத பொருள் அந்த வீட்டில் கிடையாது. சைக்கிள், மண்டித் தராசு, பீரோ, பேங்க் பாஸ்புக்...

"ஐயோ... நாந்தான் எம்புள்ளை பொழப்பைக் கெடுத்துப்போட்டனா!"

"அம்மா, அழுவாதே!" மோகனப்பிரியா கணவன் பக்கம் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. "தை மாசம் நாம எதுக்குங்க ஊருக்கு வந்தோம்?"

"உங்க பெரியப்பா செத்ததுக்கு."

"நீங்க கிளம்பறப்பக் காரியம் முடிஞ்சிருந்துச்சா?"

"லீவு இல்லீன்னு முன்னாலயே கிளம்புனேன். அதுக்கென்ன இப்போ?"

"தீட்டு ஊடுங்க அது! சாமி ரூமையே சாத்தி வெச்சிருந்துச்சு. எழவு ஊட்டுல எவ பாஸ்போர்ட்டுக்கு மஞ்சள் பூசுவா?"

மோர் டம்ளர் பாதி வழியில் நின்றது.

பாப்பாயியின் அழுகையும் நின்றது.

"ஆமாங்க... காரியம் முடியற வரைக்கும் நான் வெளக்குக்கூடப் பத்த வெக்கலீங்களே!"

"சத்தத்தைக் கொறைங்க." சென்னியப்பன் முதன்முறையாக வாய் திறந்தார். "தெருவுக்குக் கேக்குது. நம்மூட்டுச் சங்கதி நம்மூட்டோட இருக்கோணும்."

"அப்பா! உங்களுக்குத் தெருதான் பெருசுங்களா?"

கிருபாசங்கருக்குத் தெம்பு வந்துவிட்டது. எழுந்தான்.

"மாமாவுக்கு மானம் மரியாதை தெரியுமுங்க. நான் போய்ட்டு வாரேன். நாளைக்கு எனக்கு ப்ளைட்டு."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவள் இளம்பெண். கையில் நீலநிறப் பாஸ்போர்ட்.

"ஏனுங்க, சென்னியப்பனுங்க ஊடு இதுங்களா? நான் மதிவதனி. கோயமுத்தூர் கணபதியில இருந்து வாரேன்."

"நீ எதுக்குடி இங்க வந்தே?" கிருபாசங்கர் அலறினான்.

"கடைசிப் பக்கத்துல அட்ரஸ் இருந்துச்சு. வந்தேன்!" அவள் பாஸ்போர்ட்டை மோகனப்பிரியாவிடம் நீட்டினாள். "நேத்து இவுரு எனக்குக் குடுத்ததுங்க இது. போட்டோ என்னுதுங்க. பேரு மோகனப்பிரியான்னு இருக்குது. அப்பா பேரு சென்னியப்பனாமா. எங்கப்பா பேரு சுப்பையனுங்க! இவுரு கல்யாணமாகாதவருன்னு சொன்னாரு. மஸ்கட் போய்த் தாலி கட்டறேன்னாரு. பேரெல்லாம் சும்மா காகிதத்துக்குன்னாரு. ஆனா புருசன் பேருங்கற எடத்துல இவுரு பேரே இருக்குதுங்க... அப்ப இந்த மோகனப்பிரியா ஆருங்க?"

"நாந்தான்."

மோகனப்பிரியா பக்கங்களைப் புரட்டினாள். சேதமானதற்குப் பதிலாக வழங்கப்பட்டது என்ற குறிப்பு. அடுத்த பக்கத்தில், பழையதிலிருந்து மாற்றிப் பதித்த அவளுடைய குடும்ப விசா!

மஞ்சளும் இல்லை, மண்ணும் இல்லை. பழைய பாஸ்போர்ட்டைத் தண்ணீரில் முக்கிக் கெடுத்தவன் அவனேதான். விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டு, மதிவதனியின் போட்டோவைக் கொடுத்திருக்கிறான்.

"ஆமா, செஞ்சேன்!" கிருபாசங்கர் சீறினான். "அந்த விசாவுக்கு ஸ்பான்சர் நானு. ஆரை வேணா கூட்டிட்டுப் போவேன்! போலீசுக்குப் போவீங்களா? போங்க! பொண்டாட்டி பேருல இன்னொருத்தியைக் கடத்துனான் சென்னியப்பன் மருமகன்னு பேப்பர்ல வரும். மாமா தாங்குவாரா?"

சென்னியப்பன் எழுந்தார். வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

கிருபாசங்கர் சிரித்தான். அவனுக்கு மாமனாரைத் தெரியும். விஷயம் இனி இந்தக் கதவைத் தாண்டாது!

சென்னியப்பன் நேராக டெலிபோனுக்குப் போனார். சுழற்றினார்.

"போலீஸ் ஸ்டேசனுங்களா? பாக்குமண்டி சென்னியப்பன் பேசறேன். என் மருமகன் பாஸ்போர்ட் மோசடி பண்ணியிருக்கறான். ஓடாம இருக்கக் கதவைச் சாத்தி வெச்சிருக்கறேன்... ஜீப்பைச் சந்துல நிறுத்த வேண்டாமுங்க. வாசல்லயே நிறுத்துங்க. ஊரு பாக்கட்டும்!"

"மாமா! குடும்ப மானம்...!"

"எம்புள்ளை பேரைத் திருடி இன்னொருத்தி மூஞ்சிக்கு ஒட்டுனியே, அன்னிக்கே போச்சு. இப்ப அதைத் திருப்பி வாங்கறேன். உக்காருடா!"

மாப்பிள்ளை அந்த வீட்டில் முதன்முறையாக 'டா' ஆனான்.

"இவளையும்தான் புடிப்பாங்க! போட்டோ இவளோடது!"

மதிவதனி கதவுப் பக்கம் நகர்ந்தாள். மோகனப்பிரியா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இவ சாட்சி. நீங்கதான் குற்றவாளி. அம்மா, இந்தப் புள்ளைக்கு மோர் கொண்டா. அவருக்குக் குடுத்தது போதும்!"

மோசடிப் பாஸ்போர்ட் ரத்தானது. மோகனப்பிரியாவின் பேரும் முகமும் சேர்ந்தே இருக்கும் வேறொன்று வந்தது. இந்த முறை விசா எவன் தயவிலும் இல்லை. பள்ளிக்கூடமே ஸ்பான்சர். ஆவணியில் பம்பாய் வழியாக மஸ்கட் போய்ச் சேர்ந்தாள். பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

காரமடையில் ஒரு பேச்சு உலவுகிறது. சென்னியப்பன் அன்று கதவைச் சாத்தியதே மருமகனை அடித்துக் கொல்லத்தானாம்... பிணம் பாக்குத் தோப்பில் கிடக்கிறதாம்...

தவறு.

கிருபாசங்கர் உயிரோடு, கோவை மத்திய சிறையில் இருக்கிறான். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம்.

விசா தேவையில்லை!